கடலும் கணக்குக் கொடுக்கும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களின் நிலைமை வெவ்வேறாக இருந்தாலும், கிறிஸ்து தருவதாகச் சொன்ன நிலைவாழ்வும் நிறைவும் எங்கள் நாளாந்த வாழ்க்கையில் எங்கே இருக்கின்றன என்ற ஒரே கேள்வியையே எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): நான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடுவதில்லை. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நேர்ச்சை செலுத்துகிறேன். நல்ல பாடு (மீன்பிடிப்பு) கிடைத்த வாரம் வீட்டில் சிரிப்பு இருக்கிறது. பங்குப் பணம் கரைந்ததும் மனம் பழையபடி வெறுமையாகிவிடுகிறது. ஆண்டவர் நிறைவாழ்வு தருவதாகச் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்கும்தானா?

பதில்: உங்களுக்கும்தான், தம்பி. உங்கள் தொழிலைச் செய்துகொண்டிருந்தவர்களையே அவர் முதலில் அழைத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் ஒரு பொருட்டே அல்ல என்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கி அடுப்பெரிக்கும் வீட்டாரிடம் யாரும் போதிக்கக் கூடாது. ஆண்டவரும் அப்படிப் போதிக்கவில்லை. கெனசரேத்து ஏரிக்கரையில் இரவெல்லாம் உழைத்து வெறும் வலையை அலசிக்கொண்டிருந்த பேதுருவுக்கு அவர் அறிவுரை சொல்லி அனுப்பிவிடாமல், ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் வலையைப் போடச் சொன்னார். மீனும் கொடுத்தார். இரண்டு படகுகளும் மூழ்கும் அளவுக்குக் கொடுத்தார் என்று லூக்கா நற்செய்தி 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே நல்ல பாடு கிடைத்த அன்று வீட்டில் வரும் சிரிப்பைக் குற்றமாக எண்ணாதீர்கள். அதற்கு நன்றி சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பகுதியில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. பேதுருவும் யாக்கோபும் யோவானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரைப் பின்தொடர்ந்தது, வலை வெறுமையாக வந்த நாளில் அல்ல. வெறும் வலையோடு போயிருந்தால், தொழில் நொடித்ததால் சாமியார் பின்னால் போனார்கள் என்று ஊர் பேசியிருக்கும். அவர்கள் போனது, தங்கள் வாழ்நாளிலேயே பெரிய பாடு கிடைத்த அன்று. இத்தனை ஆண்டுகளாக எதை எதிர்பார்த்துக் கடலுக்குப் போனார்களோ அது கைநிறையக் கிடைத்த அந்த நேரத்தில், படகில் இருக்கும் மீனைவிடப் படகில் இருப்பவர் பெரியவர் என்று கண்டுகொண்டார்கள். "மிகுதியான உடைமைகளைக் கொண்டிருப்பதால் ஒருவருக்கு வாழ்வு வந்துவிடாது" என்று ஆண்டவர் பின்னொரு நாள் சொன்னபோது, அது அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த உண்மையாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் எல்லாரும் தொழிலை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. உயிர்த்தெழுந்த பிறகு ஆண்டவர் தம் சீடர்களைத் தேடி வந்தபோதும் அவர்கள் மீன்பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏன் மறுபடியும் கடலுக்குப் போனீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறைவு தொழிலை விடுவதிலும் இல்லை, தொழில் செழிப்பதிலும் இல்லை. தம் பாடுகளுக்கு முந்திய இரவில் அவர் தந்தையை நோக்கி வேண்டியபோது அதைத் தெளிவாகவே சொன்னார்: "உண்மையான ஒரே கடவுளாகிய உம்மையும் நீர் அனுப்பிய இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நிலைவாழ்வு." இறந்த பிறகு தொடங்கும் ஒன்றாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நிலைவாழ்வு, அவர் கணக்கில், ஒருவரோடு ஏற்படும் உறவாக இங்கேயே தொடங்கிவிடுகிறது. அவரிடம் பேசுவது, அவர் சொல்லுக்குக் காது கொடுப்பது, அவர் மன்னித்ததுபோல மன்னிப்பது, அவரை நம்பி நாளைய கவலையை அவரிடம் விடுவது ஆகியவற்றால் வளர்கிற அந்த உறவைச் சாவு அறுத்துவிட முடியாது என்பதே நம் நம்பிக்கை.

யாக்கோபின் கிணற்றருகே வந்த சமாரியப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நம் கடற்கரையில் மணலில் தோண்டிய ஊற்றருகே குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் கொஞ்சம் அள்ளி, மறுபடியும் நீர் ஊறும்வரை காத்திருந்து, மறுபடியும் அள்ளிக் குடம் நிரப்பிய பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மீண்டும் மீண்டும் தண்ணீருக்கு வராதிருக்க வழி உண்டா என்று அந்தப் பெண் கேட்டதன் களைப்பு அவர்களுக்கு நன்றாகப் புரியும். "இந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் மீண்டும் தாகம் எடுக்கும்" என்று ஆண்டவர் சொன்னது கிணற்றைப் பழிப்பதற்காக அல்ல. அவரே அந்தக் கிணற்று நீரைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். பங்குப் பணமும் அந்தக் கிணற்று நீரைப் போன்றதே: அது வேண்டும், ஆனால் அது தீர்க்கும் தாகம் வேறு, உங்கள் கடிதத்தில் இருக்கும் தாகம் வேறு.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? வலையை விட்டு இழுத்துக்கொண்டு போகும் நேரத்தில் 107-ஆம் திருப்பாடலை வாசியுங்கள். கப்பலேறிக் கடல்வழி சென்றவர்கள், புயலில் நிலைகுலைந்து, தங்கள் திறமையெல்லாம் பயனற்றுப்போன நிலையில் ஆண்டவரைக் கூவியழைத்ததை அது பாடுகிறது. உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். அடுத்தது இதைவிடக் கடினமானது. ஒரே படகில் போய்க்கொண்டே பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் ஆள் யாராவது இருந்தால், முதலில் நீங்கள் பேசுங்கள். "நாம் சகோதர அன்பு கொண்டுள்ளதால், சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்து வந்துள்ளோமென அறிந்துள்ளோம்" என்று யோவான் தம் முதல் திருமுகத்தில் எழுதுகிறார். நிலைவாழ்வுக்குள் வந்துவிட்டோமா என்று பார்க்க அவர் தரும் அடையாளம் அந்த அன்புதான். வேறு அடையாளங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கடைசியாக ஒன்று. இந்த வெறுமை வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, குடியில்தான் அது அடங்கும் என்ற நிலை வந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதை யாராவது விசுவாசக் குறைவு என்று சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (பாம்பன் வாசகி): என் கணவர் நாட்டுப்படகில் போனவர் திரும்பவில்லை. படகின் பலகை கரை ஒதுங்கியது; அவர் கிடைக்கவில்லை. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எனக்கு நிற்க ஓர் இடம் இல்லை. உடலே இல்லாதவர் எப்படி உயிர்த்தெழுவார்? சாமியாரும் அருகில் இல்லாமல், நற்கருணையும் வாங்காமல் போனவருக்கு நிலைவாழ்வு உண்டு என்று நான் நம்பலாமா? நான் அழுவது விசுவாசக் குறைவு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

இலாசரின் கல்லறைக்குப் போகும் வழியில், இன்னும் சிறிது நேரத்தில் அவரை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அவர் அழுதார். "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்" என்று மார்த்தா சொன்னாள். சற்று நேரத்தில் மரியாவும் அதையே சொன்னாள். நீர் ஏன் வரவில்லை என்ற மனத்தாங்கல் அந்தச் சொற்களில் இருக்கிறது. அதற்காக அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே, என்னிடம் நம்பிக்கை கொள்பவர் இறப்பினும் வாழ்வார்" என்ற வாக்கை அவர் சொன்னது, இப்படி மனம் நொந்து கேட்ட ஒரு பெண்ணிடம்தான். ஆகவே நீங்கள் அழலாம். ஆண்டவரிடம் ஏன் என்றும் கேட்கலாம். அழக்கூடாது என்று சொல்பவர்கள் யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

உடல் கிடைக்காதவர் எப்படி உயிர்ப்பார் என்ற கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. கிறிஸ்தவர்களைக் கேலி செய்தவர்கள் தொடக்கக் காலத்திலேயே இதைக் கேட்டார்கள். துயரத்தில் இருந்த கிறிஸ்தவர்களும் கேட்டார்கள். விலங்குகளுக்கு இரையான உடலையும், தீயில் சாம்பலான உடலையும், நீரில் கரைந்துபோன உடலையும் திரும்ப அழைக்கப் படைத்தவருக்கு வல்லமை இல்லை என்று எண்ணுவது நமக்குத் தகாது என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினார் எழுதினார். கல்லறையில் பத்திரமாக வைக்கப்பட்ட உடலும் சில ஆண்டுகளில் மண்ணாகத்தானே போகிறது? நம் நம்பிக்கை நாம் பாதுகாத்து வைத்திருக்கும் எலும்புகளின்மேல் கட்டப்பட்டதல்ல. முதன்முதலில் ஒன்றுமில்லாமையிலிருந்து உங்கள் கணவரை அழைத்தவர் அவரை மறந்துவிடமாட்டார் என்பதன்மேல் கட்டப்பட்டது.

திருவெளிப்பாடு நூலில் இதற்கென்றே ஒரு வசனம் இருக்கிறது. கடலில் ஆளைப் பறிகொடுத்த நம் ஊர்களில் அது ஏன் அடிக்கடி வாசிக்கப்படுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. இறுதித் தீர்ப்பைப் பற்றிச் சொல்லும் 20-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தில், கடல் தன்னிடத்திலிருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று யோவான் எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் சாவும் பாதாளமும் தங்களிடம் இருந்தவர்களை ஒப்படைக்கின்றன. அந்த வரிசையைக் கவனியுங்கள். அடக்கம் செய்யப்படாதவர்களுக்கும் கடலில் மாண்டவர்களுக்கும் மறுமையில் இடம் இல்லை, அவர்கள் அலைந்து திரிவார்கள் என்று நம்பிய மக்கள் நடுவில் எழுதியவர் அவர். எல்லாரும் கணக்கில் விட்டுவிட்டவர்களைக் கடவுள் முதலில் கேட்கிறார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியில் புயல் புரட்டிப்போட்ட ரயிலில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கரையிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்கும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் கடல் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதே அந்த வசனம் சொல்வது.

அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம், புதிய விண்ணகமும் புதிய மண்ணகமும் தோன்றியபோது "கடலும் இல்லாமற் போயிற்று" என்கிறது. கடலையே நம்பி வாழ்பவர்களுக்கு இது ஒருவேளை கசப்பாகத் தோன்றலாம். மோட்சத்தில் கடல் இருக்காதா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும் உண்டு. பத்மு என்ற தீவில், தம் மக்களிடமிருந்து கடலால் பிரிக்கப்பட்டவராக இருந்தபோது யோவான் இந்தக் காட்சியைக் கண்டார். அவர் நூலில் அழிவு செய்யும் விலங்கு வெளிவருவதும் கடலிலிருந்துதான். பிரிக்கிற, விழுங்குகிற, அச்சுறுத்துகிற அந்தக் கடல் இனி இல்லை என்று அவர் சொல்வதாகவே நான் படிக்கிறேன். திருப்பாடல் 104 கடவுள் படைத்ததாகக் கொண்டாடும் கடலை, நம் பிள்ளைகள் நீந்திப் பழகிய கடலை, அவர் வெறுக்கிறார் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்கு நிலைவாழ்வு உண்டா என்று கேட்டீர்கள். இன்னார் இழந்துபோனார் என்று திருச்சபை எவரைப் பற்றியும் ஒருபோதும் தீர்ப்புச் சொன்னதில்லை. அருகில் குருவோ திருவருட்சாதனமோ இல்லாமல் இறந்த ஒருவரிடம்தான், சிலுவையில் அறையப்பட்டுக் கிடந்த குற்றவாளியிடம்தான், "நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்" என்று ஆண்டவர் சொன்னார். அவன் கேட்டது ஒரே ஒரு வேண்டுதல். கலிலேயக் கடலில் புயல் எழுந்தபோது சீடர்கள் அவரை எழுப்பி, "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" என்று கத்தினார்களே, அது அழகான செபம் அல்ல, அச்சத்தில் வந்த கூச்சல். அதற்கும் அவர் எழுந்தார். கடைசி நேரத்தில் உங்கள் கணவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் அவரை ஒப்படைத்து, அவருக்காகத் தொடர்ந்து செபியுங்கள். இறந்தோருக்காக நாம் செய்யும் செபமும் திருப்பலியும் அவர்களுக்கு உதவுகின்றன என்பது நம் திருச்சபையின் உறுதியான போதனை.

மெழுகுவர்த்தியைப் பொறுத்தவரை, கல்லறைத் தோட்டத்தின் பொதுச் சிலுவையின் அடியில் ஏற்றுங்கள். உடல் இல்லாவிட்டாலும் அடக்கத் திருப்பலி நிறைவேற்ற வழிபாட்டு ஒழுங்கில் இடம் உண்டு. அது நடக்கவில்லையென்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கடலில் காணாமற்போனவர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு கல்லைக் கல்லறைத் தோட்டத்திலேயே நாட்டும்படி பங்கு மக்களிடமும் சொல்லுங்கள். நிற்க இடம் தேடுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல.

இன்னொன்று. காணாமற்போன ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும் என்பதால், இறப்புச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் பெண்கள் அலைக்கழிக்கப்படுவது நம் ஊர்களில் எல்லாரும் அறிந்ததே. காவல் நிலையத்தில் பதிவுசெய்த புகாரின் நகலையும், மீன்வளத்துறைக்குக் கொடுத்த மனுவின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த அலைச்சலில் உங்களோடு வருவது பங்கின் கடமை. துன்புறும் கைம்பெண்களைக் கவனிப்பதைத் தூய்மையான சமய வாழ்வின் இலக்கணமாகவே யாக்கோபு திருமுகம் வைக்கிறது. உயிர்த்தெழுதலைப் பற்றி உங்களிடம் பேசுகிறவர், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உங்களோடு ஒரு நாள் வரட்டும்.

கேள்வி (திருவாடானை வாசகர்): ஒவ்வோர் ஆண்டும் ஓரியூருக்குத் திருப்பயணம் போகிறோம், செம்மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைக்கிறோம். ஆனால் அங்கே உயிர்விட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 45 வயதில் வெட்டுண்டு இறந்தவர். அதை எப்படி நிறைவாழ்வு என்பது?

பதில்: நல்ல கேள்வி. செம்மண்ணோடு இந்தக் கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

1647-இல் லிஸ்பனில் பிறந்த அவர், இளமையில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். 1673-இல் இந்தியாவுக்கு வந்து, மதுரை மறைத்தளத்தில் துறவியின் காவி உடையும் மரக்கறி உணவுமாக வாழ்ந்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு, அந்நாட்டை ஆண்ட சேதுபதி அவரை விடுவித்தார். அதன் பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, அந்தப் பழைய தோழர் அரசராக இருந்தார். அருளானந்தரைத் தம்மோடு இருத்திக்கொள்ளவே விரும்பினார். மதிப்பும் வசதியும் பாதுகாப்பும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. 1690-இல் அவர் திரும்பி வந்தது, தம்மை வதைத்த அதே நாட்டுக்கு.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் கொல்லப்பட்டார். மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், அவர்களில் சேதுபதியின் உறவினரான ஒருவர் முறையிட்டதும் அதற்கு உடனடிக் காரணம் என்பது நீங்கள் அறிந்த வரலாறு. (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் நிலை என்னவாயிற்று என்று நம் திருவிழா மறையுரைகள் கேட்பதே இல்லை. அருளானந்தரைப் போற்றிக்கொண்டே அவர்களுக்காகவும் இரங்குவது நமக்குத் தகும்.) இறப்பதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தாம் இறப்பை எதிர்நோக்கிக் காத்திருப்பதையும், அதையே நெடுநாளாக வேண்டிவந்ததையும் சொல்கிறார். அதில் புலம்பல் இல்லை. தம்மைக் கொல்லப்போகிறவர்கள்மேல் வெறுப்பும் இல்லை.

இதே மாவட்டத்தில், மண்டபத்துக்கு அருகே வேதாளையில், 1549-இல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி அடிகளார் இன்னும் இளையவர்; வயது 29. இயேசு சபையின் முதல் மறைச்சாட்சி அவரே. தாக்குதல் நடந்தபோது அவர் படகேறித் தப்பியிருக்கலாம். மக்களைப் படகேற்றுவதற்காகக் கரையிலேயே நின்றுவிட்டார்.

ஆண்டுக் கணக்கால் நிறைவை அளந்தால் இவர்கள் வாழ்வு பாதியில் அறுந்தது. ஆனால் வாழ்வில் ஒருவர் எதைத் தேடுகிறாரோ அது அவருக்குக் கிடைத்துவிட்ட பிறகு, அதை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு இருந்தார் என்பது இரண்டாவது கேள்விதான். கிறிஸ்துவோடு இருப்பதே வாழ்வு என்று கண்ட அருளானந்தருக்கு, லிஸ்பன் அரண்மனையில் கிடைத்திருக்கக்கூடிய நாற்பது ஆண்டுகள் அதைவிடப் பெரிய எதையும் சேர்த்திருக்காது. இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் துணிவு கேட்கப்படவும் இல்லை. நமக்குக் கேட்கப்படுவது, பொய்க் கணக்கு எழுதச் சொல்லும்போது மறுப்பது, ஏலத்தில் எடையைக் குறைக்காமலிருப்பது, சாதி பார்த்து ஒருவரை ஒதுக்கும் வழக்கத்துக்கு உடன்படாமலிருப்பது போன்றவை. ஓரியூர் மண்ணை வீட்டில் வைத்திருப்பவர் இவற்றில் ஒன்றிலாவது இழப்புக்குத் துணிந்தால், அந்த மண்ணுக்கு மதிப்புச் செய்தவர் ஆவார்.

கேள்வி (மண்டபம் அருகிலிருந்து ஒரு வாசகி): நாங்கள் கடலில் இறங்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். கடல் நீர் இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வேலை. சில மாதங்களில் ஞாயிறு காலையும் தப்பாது. உட்கார்ந்து செபிக்க நேரம் இருப்பவர்களுக்குத்தான் ஆன்மிக நிறைவு என்று தோன்றுகிறது.

பதில்: அம்மா, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு பாறையடியில் பாசியைப் பறித்து இடுப்புப் பைக்குள் சேர்க்கும் வேலை எத்தனை கடுமையானது என்பது அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி சுற்றியும் விரல் கிழிகிறது. அந்தக் கையோடு மாலையில் செபமாலை உருட்டுகிறீர்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் செய்ததை யோவான் 21-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். இரவெல்லாம் வேலை செய்து, களைத்து, நனைந்து வந்தவர்களுக்கு அவர் முதலில் போதனை செய்யவில்லை. கரியால் தீ மூட்டி, மீனையும் அப்பத்தையும் வைத்து, "உணவருந்த வாருங்கள்" என்றார். சாவை வென்றவர், வேலைசெய்து வந்தவர்களுக்குக் காலையுணவு சமைத்தார். பேதுருவிடம் அன்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான். அவர் தாமும் நாசரேத்தில் கைத்தொழில் செய்தவர். அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி வேலையில்தான் கழிந்தது. கடலில் இறங்குமுன் ஒரு சிலுவை அடையாளம், வெளியே வந்ததும் ஒரு நன்றி. நாள் முழுவதும் அவரோடு இருப்பதற்கு அது போதும்.

ஞாயிறு திருப்பலியைப் பற்றி: சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அதற்கும் வழியில்லாதபடி பிழைப்புத் தடுக்கும் நாள்களில் உங்கள்மேல் பாவம் இல்லை. பாசி எடுக்கும் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பங்குத்தந்தையைப் பார்த்து, உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ற திருப்பலி நேரம் ஒன்றைக் கேளுங்கள். உரிமையோடு கேளுங்கள்.

கேள்வி (இராமநாதபுரம், கல்லூரி மாணவர்): நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. நண்பன் வீட்டில் இந்த இதழைப் படிக்கிறேன். இயேசுவின்மேல் ஈர்ப்பு இருக்கிறது; நம்பிக்கை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: அவசரப்படாமல் தொடங்குங்கள், தம்பி. யாரும் உங்களை அவசரப்படுத்தவும் விடாதீர்கள். நம்பிக்கை உள்ளத்தின் சுதந்திரமான பதிலாக இருக்க வேண்டும், எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது திருச்சபையின் கொள்கை. வீட்டாரிடம் மரியாதையாக இருங்கள், ஒளிவுமறைவு வேண்டாம்.

முதலில் யோவான் நற்செய்தியைப் படியுங்கள். அதில் 21 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று படித்தால் மூன்று வாரம். எதற்காக எழுதினேன் என்பதை 20-ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார்: இயேசுவே இறைமகனாகிய மெசியா என நீங்கள் நம்புவதற்காகவும், நம்பி அவர் பெயரால் வாழ்வு பெறுவதற்காகவும். படிக்கும்போது உடன்பட முடியாத இடங்களைக் குறித்துவையுங்கள். அவற்றை மறைக்க வேண்டாம். செபிக்கத் தெரியாவிட்டால், மாற்கு நற்செய்தியில் நோயுற்ற மகனை அழைத்துவந்த தந்தை சொன்னதைச் சொல்லுங்கள்: "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்." அரைகுறையான அந்த நம்பிக்கையைப் பார்த்து ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை; மகனைக் குணமாக்கிக் கையைப் பிடித்துத் தூக்கினார். படித்து முடித்ததும், குறித்துவைத்த கேள்விகளை எனக்கு எழுதுங்கள். இதழில் வெளியிட வேண்டாமென்றால் தனியே பதில் எழுதுகிறேன்.